கல்லுக்கு வெயில் காட்டியவள்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. இன்று பூசை முடிந்து வெளியே வந்தபோது, இங்கே பலேர்மோவில் வீட்டுவேலை செய்யும் புனிதமலர் கோயில் வாசலில் மறித்தாள்.

"அண்ணை, நீங்கள் கொலைக்கதை எழுதுறனீங்கள்தானே? நான் ஒண்டைச் சாகடிச்சுப்போட்டன்."

வாராவாரம் ஒரு பிணம் விழும் தொடர்களைப் படித்து வளர்ந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? வீட்டுக்கு ஓடிவந்து எழுதினேன்:

லிபெர்த்தா வீதியில், மூன்றாம் மாடி ஃபிரீசருக்குள் ஒரு சடலம்...

(அடித்துவிட்டேன். உள்ளே இருந்தது கல்.)

2

புனிதமலர் வேலை செய்யும் வீட்டு எசமானியம்மா, அவள் வாயில் சிஞோரா, ஓய்வுபெற்ற ஆய்வாளர். தென்துருவத்திலிருந்து அவர் கொண்டுவந்த உள்ளங்கை அளவுக் கல் அது. மேலே வெறும் பழுப்பு. உள்ளே, சில மில்லிமீட்டர் ஆழத்தில், பச்சைக் கோடாக நுண்ணுயிர்கள். வெயில் பட்டுப் பனி உருகும் சில நூறு மணி நேரம்தான் வருடத்தில் அவற்றுக்கு வாழ்வு. மிச்ச நாளெல்லாம் உறைந்து காத்திருக்கும்; அதனால்தான் ஃபிரீசர்.*

* அறிவியல் போதும், ஆளைக் காட்டு என்கிறீர்கள். இதோ: மன்னாரில் அவள் கணவன் பீலிக்ஸ். ஒன்பது வருடப் பிரிவு. தினமும் இருபது நிமிடம் கைப்பேசியில். கூட்டிப் பார்த்தேன்: வருடத்துக்கு நூற்றிருபது மணி நேரம். கல்லைவிடக் குறைவு.

போன வியாழன், சிஞோரா ஊரில் இல்லை. ஃபிரீசரைக் கழுவக் கல்லை வெளியே எடுத்தவள், அதை பால்கனி வெயிலில் வைத்துத் தண்ணீரும் தெளித்தாள். பின்னேரம் வரை. ஆகஸ்ட் மாதப் பலேர்மோ வெயில்!

"பாவம் அண்ணை, ஒருநாளாவது கூட வாழட்டுமெண்டுதான். பிறகுதான் போனிலை தேடினன். சூடு கூடினாச் செத்திடுமாம்."

3

நாளை சிஞோரா வருகிறார். புனிதமலரின் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்திட வேண்டும். அது இருந்தால்தான் பீலிக்ஸை இத்தாலிக்கு அழைக்க விண்ணப்பிக்கலாம்.

முடிவு அ: ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் அதே நிறக் கல்லொன்றைப் பொறுக்கி ஃபிரீசரில் வைத்து...

போனில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"விசரே அண்ணை? அவ கல்லைப் படிச்ச மனுசி!"

முடிவு ஆ: "அப்ப வாயைத் திறக்காதை, பிள்ளை."

அவள் அதையும் தள்ளினாள்.

"செத்ததெண்டு தெரியாமல் அவ இன்னும் பத்து வருசம் பாத்துக்கொண்டிருப்பா. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். நாளைக்குச் சொல்லுவன்."

இத்தனை வருடத்தில் என் பாத்திரங்களில் எவளும் என்னை இப்படி மடக்கியதில்லை.

4

ஆகவே, நாளை. புனிதமலர் சொல்லி முடிக்கிறாள். சிஞோரா திட்டுவார் என்று எழுதினேன், பொருந்தவில்லை. அழுவார் என்றேன், அதுவும் இல்லை. அவர் கையெழுத்தாகாத ஒப்பந்தத்தின் மேல் கல்லை வைக்கிறார். சுத்தியலை எடுக்கிறார். உடைத்தால்தான் தெரியும், உள்ளே பச்சை இருக்கிறதா என்று.

சிஞோரா ஓங்கி

(இல்லை. இதை நான் எழுதமாட்டேன்.)

அவர் கையிலிருந்து சுத்தியலை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு இருபது நிமிடம் பொறுங்கள். அவளுடைய கைப்பேசி அடிக்கிறது. பீலிக்ஸ்.