தலைமை தாங்கியவரின் தூண்டில்

என் அப்பா வாயை மூடியிருந்த மூன்று வாரங்களில்தான் எனக்குத் தூண்டில்மேல் ஆசை வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

அப்பா வீட்டின் முன்கட்டில் அச்சகம் வைத்திருந்தார். ஊரில் எந்தக் கூட்டமானாலும் நோட்டீஸ் எங்களிடம்தான் அச்சாகும். கூலியைக் குறைத்துக்கொள்வார், நிபந்தனை ஒன்றுதான், ‘சிறப்புரை’ என்ற இடத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும். சைக்கிள் பழுதுபார்ப்போர் சங்கம், தேனீ வளர்ப்போர் கழகம், வழுக்கைத் தலையர் நட்பு மன்றம் என்று அவர் ஏறாத மேடை இல்லை. ஊர் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘மைக்’. அதைப் பாராட்டு என்று நம்பியவர் அவர் ஒருவர்தான்.

வீட்டிலும் அதே கதை. சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்டால், உப்பின் வரலாறு முடிந்த பிறகுதான் டப்பா கைக்கு வரும். அம்மா அதே அச்சகத்தில் பிழை திருத்துபவள். அவர் பேச்சு காதில் விழாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவள். ஒன்பது வயதான எனக்கோ, ஒரு சேதியைத் தொடங்கி முடித்த அனுபவமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் பல் விழுந்ததைச் சொல்ல ஆரம்பித்தால், அப்பா பல்லைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் புதுப்பல் முளைத்துவிடும்.

ஒரு நாள் காலை அவர் எழுந்து வாயைத் திறந்தார். எண்ணெய் காணாத கீலின் சத்தம் வந்தது. டாக்டரம்மா தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்து, குரல் நாணில் சின்ன முடிச்சு என்றார். இருபத்தொரு நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. பேசினால் கத்தி வைக்க வேண்டிவரும். வைத்த பிறகு குரல் திரும்பும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். அப்பா மறுப்புத் தெரிவிக்க வாயைத் திறந்தார். டாக்டரம்மா விரலை நீட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக அப்பாவின் உரை தொடக்கத்திலேயே முடிந்தது.

அச்சகத்தில் வெட்டி மிஞ்சிய காகிதங்களைத் தைத்து அம்மா ஒரு சீட்டுப் புத்தகம் செய்து கொடுத்தாள். அப்பா மேடையில் பேசுவது போலவே எழுதினார். ‘இல்லத்தரசியின் மேலான கவனத்திற்கு: தேநீரில் சர்க்கரை போதாமை குறித்து நாம் கருத வேண்டியவை மூன்று.’ அம்மா பழக்கதோஷத்தில் சிவப்புப் பென்சிலால் திருத்தித் திருப்பிக் கொடுத்தாள். ‘சர்க்கரை’ மட்டும் மிஞ்சியது.

நாலாவது நாள், அச்சகத்துக்கு வந்தவர்களைக் கை தட்டிக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சீட்டு எழுதிக் காட்ட ஆரம்பித்தார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அலமாரி மேலிருந்து, இன்னும் ரிப்பன் அவிழ்க்காத ஒரு தூண்டில் கழியை இறக்கினாள். மீன்பிடிப்போர் சங்கத்தின் ஆண்டு விழாவில், மீனைத் தட்டில் தவிர வேறெங்கும் பார்த்திராத அப்பா இரண்டு மணி நேரம் பேசியதற்கு அவர்கள் கொடுத்த பரிசு அது.

“ஏங்க, ஏரிக்குப் போய் உக்காருங்க. அங்கே கேக்குறதுக்கு யாரும் இல்ல. பாப்பா, நீயும் போ. வாயைத் திறந்தார்னா வந்து என்கிட்ட சொல்லு.”

இப்படி நான் ஒற்றர் வேலையாகத்தான் ஏரிக்குப் போனேன்.

முதல் வாரம் புழுக்களுக்குத்தான் லாபம். ஏரியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தன. இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. அப்பாவின் முதல் வீச்சில் முள் அவர் சட்டைக் காலரையே பிடித்தது. பிறகு கழியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தலைமை தாங்கினார். தக்கை லேசாக அசைந்தாலும் சீட்டு எழுதுவார். ‘அன்பு மகளே, பதற்றம் தோல்வியின் முதற்படி, முதற்கண் கழியை...’ நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மீன் புழுவை மோந்து பார்த்துவிட்டுப் போயிருக்கும். மறுபக்கத்தில் பின்குறிப்பு வேறு இருக்கும்.

ஆனால் காகிதத்துக்கும் ஓர் எல்லை உண்டு, கை வலிக்கும் உண்டு. இரண்டாம் வாரம் சீட்டுகள் சுருங்கின. ‘நிழலில் உட்கார்.’ ‘அங்கே குமிழி.’ பிறகு அதுவும் இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மூச்சு விடும் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. மூக்கில் மெல்லிய விசில் ஒன்று இருந்தது.

பன்னிரண்டாம் நாள் தக்கை இரண்டு தடவை தலையாட்டிவிட்டுச் சட்டென்று முங்கியது. தூண்டில் நரம்பு விறைத்தது. அந்த இழுப்பு கழி வழியாக என் முழங்கை வரை வந்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் யாரோ இருக்கிறார்கள், எனக்குப் பதில் சொல்கிறார்கள் என்று பட்டது. இன்றைக்கும் எனக்குத் தூண்டில் என்றால் அந்த இழுப்புத்தான். மற்றதெல்லாம் கொசுக்கடி.

திரும்பிப் பார்த்தேன். அப்பா எழுந்து நின்றிருந்தார், வாய் பிளந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, மூன்று மேடைகளுக்கான பேச்சு தொண்டை வரை வந்து நின்றது தெரிந்தது. ஒரு கத்தல் கத்தினால் போதும், கத்திதான்.

அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவி, முழுவதையும் வாய்க்குள் திணித்துக்கொண்டார். அப்படியே வந்து என் பின்னால் நின்றார். கழியைப் பிடுங்கவில்லை. என் தோளில் கை வைத்தார், அவ்வளவுதான்.

மீனை நானே கரையேற்றினேன். என் உள்ளங்கைக்குள் அடங்கியது. அப்பா கைக்குட்டையை எடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சீட்டு எழுதி நீட்டினார். ‘பெரியது.’ அவர் ஆற்றிய உரைகளிலேயே சிறியது அது, அதிலும் மிகைதான்.

சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனோம். அம்மா மூடியைத் திறந்து வெகு நேரம் தேடினாள்.

“இதைக் கழுவுறதுக்குள்ள தீர்ந்துபோயிடுமே.”

ஆனாலும் வறுத்தாள். ஆளுக்கு ஒரு வாய் வந்தது. அன்று மேசையில் யாரும் மீனின் வரலாறு சொல்லவில்லை.

அதன்பின் நாட்கள் ஓடிய வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. இருபதாம் நாள் இரவு போர்வைக்குள், அப்பாவின் முடிச்சு இன்னும் ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். குரல் வந்தால் மேடைகள் திரும்ப வரும், ஏரி போய்விடும். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் வேண்டுதல் பலிக்கவில்லை. டாக்டரம்மா மறுபடி கண்ணாடி விட்டுப் பார்த்தார்.

“சரியாயிடுச்சு. பேசுங்க சார்.”

அப்பா தொண்டையைச் செருமினார்.

“அனைவருக்கும் வணக்கம்.”

அறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

வீடு வரும்வரை அவர் வாய் மூடவில்லை. நான் தூண்டிலைத் துடைத்து, அலமாரி மேல் வைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா வாங்கினாள், ஆனால் வைக்கவில்லை. கதவோரம் சாய்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

மத்தியானம் தேனீ வளர்ப்போர் கழகச் செயலாளர் நோட்டீஸ் வாசகத்தோடு வந்தார். ஞாயிறு மாலை ஐந்து மணி, ஆண்டு விழா, சிறப்புரை வழக்கம்போல. அப்பா நேரத்தை இரண்டு தடவை கேட்டார். பிறகு வெகு நேரம் பேச்சே இல்லை. குரல் மறுபடி போய்விட்டதோ என்று நான் உள்ளிருந்து எட்டிப் பார்த்தேன். அப்பா கதவோரம் இருந்த கழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எனக்குத் தோது இல்லீங்க.”

தொண்டை இன்னும் சரியாகவில்லையா என்று செயலாளர் விசாரித்தார்.

“தொண்டைக்கு ஒண்ணும் இல்ல. பாப்பாவோட ஒரு வேலை இருக்கு.”

அம்மா நோட்டீஸை வாங்கி அந்த ஒரு வரியைச் சிவப்புப் பென்சிலால் அடித்தாள். அவள் அடித்து அவர் மல்லுக்கு நிற்காத வரி அது ஒன்றுதான்.

அதற்காக அப்பா திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகும் வழியெல்லாம் தேனீக்களைப் பற்றி, அவர் பேசாமல் விட்ட சிறப்புரையை எனக்கே ஆற்றினார். ஆனால் கரை வந்ததும், வாசலில் செருப்பைக் கழற்றுவது போலப் பேச்சைக் கழற்றி வைத்தார். புழுவைக் கோர்த்தேன், வீசினேன், உட்கார்ந்தோம். மூக்கில் அந்த விசில்.

“அப்பா, அன்னைக்கு மீன் இழுத்தப்போ எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லட்டா?”

தலையசைத்தார். மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன். தக்கை, முழங்கை, அந்தப் பக்கம் யாரோ இருக்கிற மாதிரி... சொல்லச் சொல்ல எங்கே குறுக்கே வருவாரோ என்று அவர் வாயையே பார்த்தேன். வரவில்லை. பாதியில் எனக்கே பழக்கமில்லாமல் பேச்சு நின்றுவிட்டது.

அப்பா சட்டைப்பையிலிருந்து பழைய சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். அதில் கடைசித் தாள்தான் பாக்கி. குரல் நன்றாக இருந்தும், எழுதி என் மடியில் வைத்தார்.

‘அப்புறம்?’