வார்டு அக்காவின் பேரவை உரைகள்

வார்டு அக்கா சட்டப்பேரவையில் எழுந்து நின்று ஆற்றிய முதல் உரை அங்கே யார் காதிலும் விழவில்லை. அது, பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய தூரத்திலிருந்த அவருடைய சொந்தத் தெருவில், சாக்கடை மூடிகளின் கைப்பிடித் துளைகள் வழியாக ஒரு சொல் விடாமல் கேட்டது. காய்கறி வண்டிக்காரர் முதலில் யார் வீட்டு ரேடியோவோ என்று நினைத்தார். காலடியிலிருந்து "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்று வந்ததும் வண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எதிர்ச் சாரிக்குப் போய் நின்றுகொண்டார். மூடிக்கு நேர் எதிரே தையல் கடை வைத்திருந்த அக்காவின் கணவர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். கால்சட்டையின் இடுப்புப் பட்டி பாதி தைத்தபடி ஊசியில் நின்றது. "நம்ம வீட்டம்மா குரல்தான். கொஞ்சம் பயந்துபோய்ப் பேசறா" என்றார்.

அந்தச் சாக்கடையே அக்கா போட்டதுதான். அவர் வார்டு உறுப்பினராக நின்று ஜெயித்த காலத்தில் தெருவின் நடுவே கறுப்புத் தண்ணீர் திறந்தே ஓடிக்கொண்டிருந்தது. நகராட்சிப் பொறியாளர் பிடி கொடுக்காமல் நழுவிக்கொண்டே இருந்தார். அக்கா அவர் அறைக்கு எதிரே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு, மழைக்காலம் முடிந்து வெயில் தொடங்கும்வரை தினமும் அங்கேயே கணவரின் கடைச் சட்டைகளுக்குப் பித்தான் தைத்தார். கடைசியில் பொறியாளர் தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அளவு நாடாவின் ஒரு முனையை அக்காவே பிடித்தார், சிமெண்ட் மூடிகள் வார்த்தபோது பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினார். அப்புறம் நகராட்சித் தலைவர் ஆனார், அதற்கப்புறம் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். பதவி எது வந்தாலும் பெயர் மட்டும் மாறவில்லை. எதிர்க்கட்சிச் சுவரொட்டியில்கூட "வார்டு அக்காவே, பதில் சொல்" என்றுதான் அச்சடித்தார்கள்.

தெருவுக்குப் பின்னால் ஒரு வறண்ட ஏரி இருந்தது. பெருநகரத்தின் குப்பை முழுவதையும் அதில் கொட்டப் போகிறார்கள் என்று செய்தி வந்ததால்தான் அக்கா தேர்தலில் நின்றார். அதைத் தடுக்கத்தான் ஜனங்கள் அவரை அனுப்பினார்கள். அவரோ பேரவைக்குள் வாயைத் திறந்தால் உதடு மட்டும் அசைந்தது. ஒலிவாங்கியை மாற்றினார்கள், இருக்கையை மாற்றினார்கள். டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பாட்டுக் கச்சேரியே செய்யலாம் என்றார். நடைபாதையிலும் உறுப்பினர் விடுதியிலும் குரல் கணீரென்று இருந்தது. பேரவையின் வாசற்படியைத் தாண்டினால் போயிற்று. பக்கத்து இருக்கைக்காரர் இரக்கப்பட்டு அக்காவுக்காகத் தாமே எழுந்து பேசிப் பார்த்தார். "வறண்ட ஏரி" என்ற இடத்துக்கு வந்ததும் அவர் குரலும் அடைத்துக்கொண்டது. மனிதர் வெலவெலத்துப்போய் உட்கார்ந்தவர், அதன்பின் அக்கா பக்கம் திரும்பவே இல்லை. உள்ளாட்சித் துறை அமைச்சரை நடைபாதையில் மடக்கி, அக்கா எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னார். அமைச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் சபையில பேசுங்கம்மா, பதில் சொல்றேன்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

தெருவில் மருந்துக் கடையில் மட்டும்தான் தொலைபேசி இருந்தது. கூட்டத்தொடர் நாட்களில் கணவர் மாலையில் அங்கிருந்து விடுதிக்குப் பேசுவார்.

"இன்னிக்கு நல்லாப் பேசினே. நடுவுல தொண்டை கட்டின மாதிரி இருந்துச்சு. தண்ணி குடிச்சியா?"

"அங்க கேட்டு என்னங்க பிரயோஜனம்? கேக்க வேண்டியவங்க எல்லாம் இங்கதானே உக்காந்திருக்காங்க!"

"எங்களுக்குக் கேக்குதுல்ல. பேசு."

அவர்களுக்கு நன்றாகவே கேட்டது. ஆரம்பத்தில் மூடிகளைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து, நல்ல வரி வந்தால் கை தட்டினார்கள். மாதங்கள் போகப் போகக் கை தட்டுவது நின்றுவிட்டது. அக்கா பேரவையில் கெஞ்சத் தொடங்கியிருந்தார். ஐயா, எங்கள் பிள்ளைகள் ஜன்னலைத் திறந்து மூச்சு விடட்டும், உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றெல்லாம் கேட்டார். தங்களுக்காக ஒருத்தி இப்படித் தாழ்ந்து போவதைக் காலடியில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை. அக்காவின் நிலையோ இதைவிட மோசம். சுற்றிலும் ஆட்கள் கொட்டாவி விடுகிறார்கள், காகிதம் புரட்டுகிறார்கள், தான் மட்டும் கிணற்றின் அடியில் நின்று கத்துகிறோம் என்று தோன்றும். அவைக் குறிப்பில் அவர் பெயருக்கு எதிரே "உறுப்பினர் எழுந்து நின்றார்" என்று மட்டும் பதிந்தார்கள்.

ஒரு கோடையில் லாரிகள் வந்தேவிட்டன. ஏரி நிரம்பியது, மேடானது, ஒரு நாள் தானாகப் பற்றிக்கொண்டது. அணைந்தது போல் அடங்கிவிட்டு உள்ளே புகைந்துகொண்டே இருந்தது. தெருவில் துணி காயப் போட்டால் சாம்பல் படிந்தது. முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஊருக்கு வரும்போது அக்கா தலை நிமிர்ந்து நடக்கவில்லை. கணவருக்கு இருமல் வந்தது. முதலில் பஞ்சுத் தூசி என்றார், பிறகு பருவம் சரியில்லை என்றார். அதற்கும் பிறகு மருந்துக் கடைவரை நடக்க முடியாமல் போய், தொலைபேசிப் பேச்சு நின்றது. கடையைப் பூட்டிவிட்டு, மகள் அவரை உள் அறையில் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டாள். பதவியை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று அக்கா அழுதபோது அவர், "நீ வந்துட்டா இந்தக் கொஞ்ச நஞ்சமும் கேக்காமப் போயிடுமே" என்றார்.

உள்ளாட்சி மானியக் கோரிக்கை வந்த நாளில் அக்கா பேச வேண்டிய முறை. அதற்குச் சற்று முன் அவைப் பணியாளர் குனிந்து, ஊரிலிருந்து அவசர அழைப்பு என்றார். நடைபாதைத் தொலைபேசியில் மகள்.

"அம்மா, அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. டாக்டர் கையை விரிச்சுட்டாரு. சாயங்காலம்வரைக்கும் தாங்காதாம்."

"நான் இப்பவே கிளம்பி..."

"கிளம்பி எப்பம்மா வந்து சேருவே? நீ உள்ள போ. உன் குரலக் கேக்கணும்னு கையக் காட்டினாரு. கட்டிலத் தூக்கிட்டு வந்து மூடிகிட்டப் போட்டிருக்கோம்."

அக்கா உள்ளே ஓடினார். பெயரைக் கூப்பிட்டார்கள். கையிலிருந்த புள்ளிவிவரத் தாள்களை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

"என்னங்க, நான்தான். கேக்குதா?" என்று தொடங்கினார். பதில் வர வழியில்லை என்று அவருக்குத் தெரியும். கல்யாணம் ஆன புதிதில் கணவர் தைத்துக் கொடுத்த ரவிக்கை ஒரு கை பெருசாகவும் ஒரு கை சிறுசாகவும் இருந்ததைச் சொன்னார். அதைப் பிரிக்காமலே பல வருஷம் போட்டுக்கொண்டதற்குக் காரணம் சிக்கனம் இல்லை என்று சொன்னார். முதல் தேர்தலில் தான் நடுங்கியதைச் சொன்னார். "உங்களத் தனியா விட்டுட்டு வந்தேன். ஊரக் காப்பாத்தறேன்னு வந்து உங்களையே காப்பாத்த முடியல. கோவமா இருந்தாலும் பரவாயில்ல, கேட்டுட்டு இருங்க." மணி அடித்தது. உட்காரவில்லை. பேரவைத் தலைவர் இரண்டு முறை எச்சரித்துவிட்டு அவைக் காவலர்களை அனுப்பினார். வாசற்படிக்கு வெளியே போனால் குரல் தன்னோடு வந்துவிடும், தெருவில் அறுந்துவிடும் என்பதால் அக்கா மேசையை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டார். விரலைப் பிரிக்கப் பார்த்த காவலர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். கன்னத்தில் கண்ணீர் வழிய, ஒரு பெண் சத்தமே இல்லாமல் பேசிக்கொண்டே நிற்பதைச் சபை பார்த்தது. காகிதம் புரட்டுவது நின்றது. அமைச்சர் எழுந்து, "நிக்கட்டும், விடுங்க" என்றார். சபை ஒத்திவைக்கப்பட்டு எல்லோரும் போன பிறகும் அக்கா பேசிக்கொண்டிருந்தார். விளக்கு அணைக்கும் பணியாளர் வந்து தோளைத் தொட்டபோதுதான் நிறுத்தினார்.

"ரவிக்கையைப் பத்திச் சொன்னப்போ சிரிச்சாரும்மா. அதோட போயிட்டாரு" என்றாள் மகள் தொலைபேசியில். "அதுக்கப்புறமும் நீ பேசிட்டே இருந்தே. நிறுத்தச் சொல்ல எங்களுக்கு வழி தெரியல. தெருவே உக்காந்து கேட்டுச்சு."

மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் அக்காவின் படம் வந்தது. குப்பை மேட்டை எதிர்த்துப் பெண் உறுப்பினர் கண்ணீருடன் மௌனப் போராட்டம் என்று எழுதியிருந்தார்கள். தலையங்கங்கள் வந்தன, மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், அரசுக்குச் சங்கடமாகிவிட்டது. சில வாரங்களில் லாரிகளை நிறுத்தி ஆணை வந்தது. அவ்வளவு நாள் கெஞ்சியபோது நடக்காதது, குப்பையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாத அன்று நடந்தது. ஆணையின் நகலை அமைச்சரே கொண்டுவந்து கொடுத்தார். அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லதுங்க" என்றார்.

அதன்பின் மூன்று தேர்தல்களில் ஜனங்கள் அவரையே அனுப்பினார்கள். எதிர்த்து நின்றவர்கள், பேரவையில் பேசத் தெரியாதவருக்கா ஓட்டு என்று கேட்டுப் பார்த்தார்கள். தெரு அதைச் சட்டை செய்யவில்லை. பேரவையும் பழகிவிட்டது. அவர் எழுந்தால் மற்ற உறுப்பினர்கள் அந்த நேரத்தில் தேநீர் குடித்துவிட்டு வந்தார்கள். தெருவில் வழக்கம்போல நாற்காலி போட்டு, சாலைக்கு என்ன கேட்டார், பள்ளிக்கூடத்துக்கு என்ன கேட்டார் என்று காது கொடுத்துக் கேட்டார்கள். உரையை முடிக்கும்போது அவர் குரலைத் தாழ்த்தி "என்னங்க" என்று தொடங்குவார். உடனே எல்லோரும் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அவரவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அது புருஷன் பெண்டாட்டி பேச்சு, மற்றவர்கள் கேட்கக் கூடாது.