ஒரே மாதிரிக் கம்பிகள்

பட்டறைக்காரருக்கு அந்த வேலியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். வராமல் என்ன செய்யும்? இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் அடித்து இருபத்தாறு வருஷமாகப் பேர் வாங்கிய மனுஷர். அவருடைய வெல்டிங் பட்டறையை ஒட்டினாற்போலத்தான் பக்கத்து வீட்டுக் கண்டக்டர் அந்த வேலியைப் போட்டிருந்தார். வேலியா அது! பின்வாசல் பக்கம் பச்சைப் பெயிண்ட் உரிந்த ஒரு பழைய கதவு. அதற்கடுத்து நாலு சைக்கிள் ரிம். அப்புறம் இரும்புக் கட்டிலின் தலைமாட்டுச் சட்டம். கடைசியில் எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி நிமிர்த்திய தகரம். குப்பை வண்டி கவிழ்ந்த இடத்தில்கூட இதைவிட ஒழுங்கு இருக்கும்.

கேட் அடிக்கச் சொல்ல வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். "இதுவும் நம்ம பட்டறை சரக்குதானா?" என்று கேட்டு ஒருவர் சிரித்துவிட்டுப் போனார். போனவர் திரும்பி வரவேயில்லை. அவர் வராததற்கும் வேலிக்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ, பட்டறைக்காரர் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்.

ஒருநாள் காலை கண்டக்டரை வாசலிலேயே மடக்கினார்.

"தம்பி, அதை எடுத்துடுங்களேன். பார்க்கச் சகிக்கல."

"எங்களுக்கு அதுதாண்ணே வசதி." கண்டக்டர் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அதுல என்ன வசதி? ஒரு ஆடு முட்டினா விழுந்துடும்!" என்று சொல்லித் தானே சிரித்தார் பட்டறைக்காரர். கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவர் காதில் வாங்காமல் உள்ளே போய்விட்டார்.

கண்டக்டர் மனைவிக்குக் கண் கொஞ்சம் மங்கல் என்பது தெருவுக்கே தெரியும். தடித்த கண்ணாடி போட்டிருப்பார். "என்னண்ணே, இன்னைக்கு வேலை ஜாஸ்தியா? காலையிலேருந்து சத்தமா இருக்கே" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அன்பாக விசாரிப்பார். பட்டறைக்காரருக்கு அந்த அம்மாமேல் ஒரு கோபமும் கிடையாது. கோபமெல்லாம் வேலிமேல்தான்.

பதினோரு வீட்டில் கையெழுத்து வாங்கி நகராட்சியில் மனு கொடுத்தார். "அவங்க வீட்டு வேலி உங்களுக்கு ஏன் குடையுது?" என்று அவர் மனைவி கேட்டதற்கு, துருப்பிடித்த தகரம் தெருப் பிள்ளைகளைக் கிழித்துவிடும் என்றார். பதினைந்து நாளில் பிரிக்க வேண்டும் என்று கண்டக்டர் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது.

வந்த பிறகு பட்டறைக்காரருக்கு மனசு உறுத்தியது. ஆயிரம் இருந்தாலும் பக்கத்து வீடு. நேரே போய், "நானே கிரில் வேலி அடிச்சுத் தர்றேன். சல்லிக்காசு வேணாம்" என்றார். கண்டக்டர் மனைவியைப் பார்த்தார்.

"சரின்னு சொல்லுங்க. அண்ணன் மனசுவச்சுச் செய்றாரு. நான் பழகிக்கிறேன்" என்றார் அந்த அம்மா.

புது வேலிக்கு ஏன் பழக வேண்டும் என்று பட்டறைக்காரர் யோசிக்கவில்லை.

ஒன்பது நாள் உழைத்தார். நாலு விரல் இடைவெளிக்கு ஒரு கம்பி, எல்லாம் ஒரே கனம், ஒரே உயரம். கையால் தடவினால் பற்றவைத்த இடம் தெரியக்கூடாது என்று ஒவ்வொரு ஒட்டையும் ராவி ராவி வழவழப்பாக்கினார். பழைய வேலியை அவரே அறுத்துப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினார். தெருவே வந்து பார்த்து மெச்சியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் காலை, கண்டக்டர் டியூட்டிக்குப் போன பிறகு, பட்டறைக்காரர் கம்பிகளுக்கு நடுவே பார்த்தார். அந்த அம்மா ஒரு கையில் ஈரத்துணி வாளி, மறு கையைக் கம்பிமேல் வைத்தபடி நடந்துகொண்டிருந்தார். போனார். நின்றார். திரும்பி வந்தார். மறுபடியும் போய்க் குளியலறைச் சுவரில் இடித்துக்கொண்டார்.

"அண்ணே, இருக்கீங்களா? நான் எங்க நிக்கிறேன்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

இவர் சுற்றிக்கொண்டு ஓடினார். "என்னம்மா இது? கண்ணாடி போட்டிருக்கியே!"

"அது சும்மாண்ணே. கண்ணு சுத்தமாப் போயி ஒரு வருஷம் ஆச்சு. தெருவுக்குத் தெரிஞ்சா பாவம் பார்ப்பாங்க, சொல்லாதீங்கன்னு நான்தான் அவரைத் தடுத்தேன். கையில மரக்கதவு பட்டா வாசல். ரிம்மு பட்டா குழாயடி. கட்டில் கம்பின்னா துணிக்கொடி, தகரம்னா பாத்ரூம். எனக்காகப் பார்த்துப் பார்த்துக் கட்டினாரு." கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னார். "நீங்க நல்லாத்தான் செஞ்சிருக்கீங்கண்ணே. எனக்குத்தான் கம்பி எண்ணிக்கை விட்டுப்போகுது."

அப்படிச் சொன்னதற்குப் பதில் அந்த அம்மா இவரை நாலு அறை அறைந்திருக்கலாம். பாவி, அன்றைக்கு என்ன வசதி என்று கேட்ட வாய், பதில் வரும்வரை நின்றிருக்கக் கூடாதா!

"நாளைக்கே சரி பண்றேன்மா" என்று சொல்லி அவரை வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டார். மறுநாள் விடிந்ததும் இரும்புக் கடைக்கு ஓடினார். ரிம்கள் உருக்கப் போய்விட்டன. வேறு கடை கடையாக அலைந்து, ரிம்மும் ஒரு கட்டில் சட்டமும் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் மணி பத்து. அதற்குள் அந்த அம்மா தண்ணீர் பிடிக்க வந்து, குழாயடி இன்னும் தள்ளி இருக்கிறது என்று நினைத்து, குழாயடிப் படியில் தடுக்கி விழுந்திருந்தார். இடுப்பெலும்பில் விரிசல். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

பட்டறைக்காரர் தன் கிரில்லின்மேலேயே ரிம்களைப் பற்றவைத்தார். சட்டத்தை வைத்தார். தகரம் தட்டி அடித்தார். வாசல் பக்கம் ஒரு பலகையை முடுக்கினார். "என்ன பட்டறைக்காரரே, நீங்களுமா?" என்று தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மூன்று மாதத்தில் அந்த அம்மாவுக்கு எலும்பு கூடியது. வீட்டுக்குள் நடக்கிறார் என்று கண்டக்டர் சொன்னார். ஆனால் பின்கதவு திறக்கவில்லை. துணி காயப்போடுவதும் தண்ணீர் எடுப்பதும் கண்டக்டர்தான், டியூட்டிக்குப் போவதற்கு முன்னால்.

ஒருநாள் பட்டறைக்காரர் அந்தப் பின்கதவுக்கு முன்னால் போய் நின்றார்.

"தங்கச்சி, ஒரே ஒரு தடவை வந்து தொட்டுப் பாரும்மா. பழையபடியே வச்சிருக்கேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. அதில் கோபம் துளியும் இல்லை.

"அவரு சொன்னாருண்ணே. இருக்கட்டும். நான் இப்ப உள்ளேயே பழகிட்டேன்."