முப்பத்தொன்பது புள்ளி எட்டு

காலை பதினொன்றரைக்கு வெப்பமானி இருந்த வெள்ளைப் பலகைக் கூண்டைத் திறந்து பாதரசத்தைப் பார்த்தாள். நாற்பது புள்ளி ஆறு. அந்த வானிலை நிலையத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக அளவு எடுப்பவள் அவள். இந்த எண் நாற்பதைத் தொட்டால், நகரத்தில் வெயிலில் நடக்கும் வேலையெல்லாம் மாலை நான்குவரை நிற்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கோடையில் ஏற்கெனவே பதினோரு நாள் வேலை நின்றுவிட்டது.

பேனாவைத் திறப்பதற்குள் தம்பி அழைத்தான். உயரமான கட்டடங்களில் கம்பி கட்டுபவன்.

“அக்கா, இன்னிக்கும் நிறுத்தினா என்னைத் தூக்கிட்டு வேற ஆளைப் போட்டுடுவாங்க. மேஸ்திரி மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டான். நாப்பதுக்குக் கீழ எழுதேன்.”

“எழுத்தை மாத்தினா வெயில் மாறுமாடா?”

“வெயில் பழகிடுச்சுக்கா. பட்டினிதான் பழக மாட்டேங்குது.”

வெயில் ஆண்டுக்கு ஆண்டு ஏறுவது அவளுக்குத் தெரியாதது அல்ல. பகல் சூடு மேகத்துக்கும் காற்றுக்கும் ஏற்ப ஆடும். இரவு அப்படி ஆடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோடை அதிகாலைகள் இருபத்தாறுக்கு இறங்கின. இப்போது இருபத்தெட்டோடு நின்றுவிடுகின்றன. சூரியன்தான் காரணமென்றால் பகல் அல்லவா அதிகம் ஏற வேண்டும்? ஏறியது இரவுதான். நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்த புகையில் கண்ணுக்குத் தெரியாத வாயு மேலேயே தங்கி, பூமியின் சூட்டை வெளியே விடாமல் மூடிக்கொள்கிறது என்று ஒருமுறை தம்பிக்கு விளக்கினாள். அவன் சிரித்தான். “நான் எரிச்சது ஒரு நாளைக்கு ரெண்டு பீடி. எனக்கு ஏன்கா இப்படி வேகுது?”

பேனாவைத் திறந்து, முப்பத்தொன்பது புள்ளி எட்டு என்று எழுதினாள்.

இரண்டரை மணிக்குத் தம்பி ஒன்பதாவது மாடியில் சுருண்டு விழுந்தான். உடம்பு கொதித்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை என்றார்கள். மருத்துவமனை வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

விசாரணைக்கு வந்த அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். “அன்னிக்கு நாப்பதைத் தாண்டவே இல்லையே. வெயிலால செத்தார்னு எப்படி எழுதறது?”

உண்மையைச் சொல்லப்போவதாக அவள் சொன்னபோது நிலையத் தலைவர் கதவைச் சாத்தினார். “சொன்னா உங்க வேலையோட போகாதும்மா. ஒரு நாள் பொய்னா எல்லா நாளும் பொய்தான்னு சொல்லுவாங்க. சூடே ஏறலைன்னு சாதிக்கிறவங்க வாய்க்கு அவல் போடாதீங்க. பத்தொன்பது வருஷம்மா!”

இரண்டு இரவு தூங்கவில்லை. பிறகு சொன்னாள்.

விசாரணையில் கட்டடக் கம்பெனியின் வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. “செத்தவருக்குக் கூடப்பிறந்தவங்க. தம்பி குடும்பத்துக்காக இப்ப மாத்திப் பேசறாங்க.” அவள் சொன்னது எடுபடவில்லை. ஆனால் நிலையத்தின் பத்தொன்பது ஆண்டுப் பதிவுக்கும் ‘நம்பத்தக்கதல்ல’ என்று சிவப்பு முத்திரை விழுந்தது. தம்பியின் சாவுக்கு உதவாத அவள் வாக்குமூலம் அதற்கு மட்டும் உதவியது.

தம்பி மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் மடித்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கேட்டா எழுதிடுவீங்களா அக்கா? அவரு கேட்டதையெல்லாம் குடுத்தே வளத்தவங்க நீங்க. ஒருநாளாவது முடியாதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?”

அடுத்த கோடைக்குள் அவள் இடத்தில் ஓர் இயந்திரம் வந்துவிட்டது. அது பொய் சொல்லாது. அதனால் சட்டத்தை மாற்றினார்கள்: வேலை நிறுத்த எல்லை இனி நாற்பத்திரண்டு.

ஒரு மதியம் தம்பி விழுந்த கட்டடத்தின் வழியாகப் போனாள். பதினோராவது தளம் ஏறிக்கொண்டிருந்தது. தெருமுனையில் வெப்பநிலை காட்டும் மின்பலகையில் நாற்பத்தொன்று புள்ளி மூன்று என்று எரிந்தது. மேலே விளிம்பில் ஒருவன் பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஒரு துண்டில் கவிழ்த்து, தலையில் போட்டுக்கொண்டு குனிந்தான். அவள் அண்ணாந்து நின்றாள். எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. அவன் நிமிர்ந்தபோது துண்டு நழுவிக் காற்றில் பிரிந்து, மாடி மாடியாக மெதுவாக இறங்கி, அவள் காலடியில் விழுந்தது.

எடுத்துப் பார்த்தாள். முறுகக் காய்ந்திருந்தது. கையைச் சுட்டது.