இன்னொரு தடவை ஊதறேன்

போலீஸ் நீட்டிய ஊதும் கருவி நாற்பத்திரண்டு காட்டியது. முப்பதைத் தாண்டினாலே குடித்ததாகக் கணக்கு. ஊதியவன் கம்பெனி வேன் ஓட்டும் மாதேஸ்வரன். வழக்கு விழுந்தால் லைசென்ஸ் போகும், கூடவே வேலையும் போகும்.

“குடிக்கல சார். இப்பத்தான் இருமல் மருந்து குடிச்சேன்.”

“எல்லாரும் இதைத்தான்யா சொல்றாங்க. கேஸ் பேப்பர்ல கையெழுத்துப் போடு,” என்றார் எஸ்.ஐ.

வேனுக்குள் ஷிப்டுக்குப் போகும் எட்டுப் பெண்கள். எட்டு மணி தாண்டினால் கம்பெனி கேட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“போட்டுட்டு வாண்ணா, அப்புறம் பாத்துக்கலாம்,” என்று அவர்களில் ஒருத்தியான சுவாதி ஜன்னலைத் தட்டினாள்.

பேனாவை வாங்கியவனுக்கு டிரைவர் சங்கத்தில் சொன்னது நினைவுக்கு வந்தது: மருந்தில் இருக்கும் ஆல்கஹால் வாயில்தான் நிற்கும், கால் மணியில் போய்விடும். பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.

“வாயைக் கொப்பளிச்சிட்டுக் கால் மணி கழிச்சு ஊதறேன் சார். புதுக் குழாய் போட்டுக் குடுங்க. அப்பவும் காட்டுனா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயி ரத்தம் எடுங்க.”

எஸ்.ஐ. அவனை ஏற இறங்கப் பார்த்தார். “சரி, நில்லு.”

கால் மணி நேரம் நகர்வேனா என்றது. மூன்று பேர் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். சுவாதி நாலு தடவை இறங்கி ஏறினாள்.

“வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்ணா நீ. எங்களுக்கு ஒழுங்கான டிரைவராவது கெடச்சிருப்பாரு.”

அவன் இன்னொரு தடவை கொப்பளித்தான். கொப்பளித்த தண்ணீர் சட்டையெல்லாம் சிந்தியிருந்தது.

இரண்டாம் தடவை ஊதினான். கருவி யோசித்து யோசித்துப் பூஜ்யம் காட்டியது; எட்டு மணி தாண்டிய நேரம் அச்சிட்ட சீட்டு ஒன்றும் வெளியே வந்தது.

“போய்யா,” என்றார் எஸ்.ஐ.

மாதேஸ்வரன் சாவியைத் திருகிவிட்டான். சுவாதிதான் மறுபடியும் கீழே குதித்து ஓடினாள்.

“சார், நேரம் போட்ட அந்தச் சீட்டைக் குடுங்க. கேட்ல காட்டணும்.”