சவுண்ட் ஓகே இல்லை

கோட்டு கை மாறியது அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு நடந்த தப்பு அதுதான்.

அந்தத் துப்பறியும் தொடரில் அவள் ஒலிப்பதிவுக்காரி. குழுவில் எல்லாரும் அவளைக் "காது" என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால் போதும், நடிகர்களின் சட்டைக்குள் குத்திய மைக் வழியாக ஊர்ப்பட்ட ரகசியம் வந்து கொட்டும். யாருக்கு யாரைக் கண்டால் ஆகாது, எந்த ஜோடிக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் கேட்டதை வெளியே விடக் கூடாது. ஒருமுறை விட்டால், அப்புறம் எவனும் நம்பி மைக் குத்திக்கொள்ள மாட்டான்.

துப்பறிவாளராக நடிக்கும் மகராசனுக்கு இடுப்பில் எது உறுத்தினாலும் வசனம் வராது. ஆகவே மற்றவர்களுக்கு இடுப்பில் மாட்டும் மைக் டப்பியை அவருடைய கோட்டின் உள்பையில் வைத்துத் தைத்துவிடுவது வழக்கம். அவருக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிக்கிறவன் அந்தக் கோட்டைப் போடுமுன் அவள் போய்ப் பிரித்து எடுத்துக்கொள்வாள். அன்று வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. டைரக்டர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு பறந்தார். அந்த அவசரத்தில் உடைக்காரர் கோட்டை நேராக மாடிக்கே கொண்டுபோய்விட்டார்.

குதிக்கப்போகிறவன் அவளுடைய தம்பி.

"அண்ணே, இடது கைய நீங்களே நுழைச்சு விடுங்க. மேல தூக்க வரல" என்றது ஹெட்போனில் அவன் குரல்.

"என்னடா சொல்றே? தோள் சரியாயிடுச்சுன்னு சொன்னியே?" உடைக்காரர் பதறினார்.

"மாருக்கு மேல போகாது. ஒரு நிமிஷ வேலைதானே, பல்லைக் கடிச்சுட்டு முடிச்சிடுவேன். மாஸ்டர்கிட்ட மூச்சு விடாதீங்க. எங்கக்காவுக்குத் தெரிஞ்சா அதோட நான் தொலைஞ்சேன்."

முன்பு ஒரு படப்பிடிப்பில் அவன் தோள் மூட்டு நழுவி, மாதக்கணக்காக வீட்டில் கிடந்தான். அவள் சம்பாத்தியத்தில் சாப்பிடுவது அவனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. போன வாரம் கூடத்தில் நின்று கையைச் சுழற்றிக் காட்டி, "பாருக்கா, புதுசு மாதிரி" என்றானே. சுழற்றியது வலது கை என்பது இப்போதுதான் உறைத்தது. எத்தனை பெரிய காது இருந்து என்ன, கண் இல்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

காட்சி இதுதான். கொலைக்கான சாட்சிப் பெட்டியை வலது கையில் பிடித்தபடி துப்பறிவாளர் மாடிக் கைப்பிடியிலிருந்து இடது கையால் தொங்க வேண்டும். கீழே குற்றவாளி ஒரு வசனம் பேசி முடித்ததும் கையை விட்டு, அந்தரத்தில் புரண்டு, அட்டைப்பெட்டிகள் மேல் போட்ட மெத்தையில் முதுகு பட விழ வேண்டும். வசனம் முடியும்வரை கை தாங்காவிட்டால் புரள நேரம் இருக்காது. தலைதான் முதலில் கீழே வரும். யாரோ போடுகிற கோட்டுக்காக இவன் கழுத்தை முறித்துக்கொள்ள வேண்டுமா என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஸ்டண்ட் மாஸ்டரிடம் போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் அவன் கழுத்து தப்பும், பிழைப்பு போகும். காயத்தை மறைத்துவிட்டு மேலே ஏறினான் என்று பெயர் வந்தவனை அந்தத் தொழிலில் மறுபடி யாரும் கூப்பிட்டதில்லை. அவனிடமே பேசலாம் என்றால் மைக் ஒருவழிப் பாதை. அவன் மூச்சு விடுவதுகூட அவளுக்குக் கேட்டது, அவள் பேசுவது அவனுக்குப் போகாது; கத்தினாலோ மொத்தக் குழுவுக்கும் கேட்டுவிடும். மாடிப்படியை வேறு கேமராவும் விளக்குகளும் அடைத்துக்கொண்டிருந்தன.

"கேமரா?" என்றான் உதவி டைரக்டர்.

"ரெடி."

"சவுண்ட்?"

"ஓகே இல்லை" என்றாள். "ஏதோ இரைச்சல் வருது."

அவள் ஓகே சொல்லாமல் காட்சி நகராது. நேரடி ஒலிதான் இந்தத் தொடரின் பெருமை என்று டைரக்டர் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்பவர். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு ஜெனரேட்டரைத் தள்ளி வைக்கச் சொன்னார். கைப்பிடிக்கு வெளியே தயாராக நின்றிருந்த தம்பி அதைத் தாண்டி உள்ளே வந்தான். உள்ளே வரும்போது அவன் முனகியது ஹெட்போனில் துல்லியமாகக் கேட்டது.

அடுத்த தடவை விமானம் என்றாள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. டைரக்டர் மேலே பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அதற்கும் அடுத்த தடவை நாய் என்றாள்.

"எந்த நாய்?"

"தூரத்துல."

இப்படியே இழுத்தடித்தால் இருட்டிவிடும், இன்றைக்குத் தப்பிவிடும் என்பதுதான் அவள் கணக்கு. ஆனால் ஒவ்வொரு தடவையும் தம்பி கைப்பிடியைத் தாண்டிப் போய், மறுபடி தாண்டி வந்தான். மூன்றாவது தடவை அவன் முனகவில்லை, "அம்மா" என்றான். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, மிச்சமிருந்த கொஞ்ச பலத்தையும் அவளேதான் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

டைரக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "போதும். இதை ஊமையா எடுப்போம். சத்தத்தை அப்புறம் போட்டுக்கலாம். காது, நீ வேணும்னா போய் டீ குடி."

அவ்வளவுதான், அவளிடம் இருந்த ஒரே ஆயுதமும் போயிற்று.

"கேமரா?"

"ரெடி."

சவுண்டை யாரும் கேட்கவில்லை. தம்பி கைப்பிடிக்கு வெளியே நின்று, பெட்டியை வலது கையில் வாங்கிக்கொண்டான். அவள் ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு ஓடினாள். கேமராவுக்குக் குறுக்கே ஓடி, மெத்தை மேல் ஏறி நட்டநடுவில் நின்றாள்.

"காது! நகரும்மா, என்ன விளையாட்டு இது?" ஸ்டண்ட் மாஸ்டர் கத்தினார். டைரக்டர் சொன்னதை எழுத முடியாது.

"அவனுக்குத் தோள் சரியாகல மாஸ்டர். இடது கை மேல போகாது. கோட்டுல மைக் இருக்கு, நானே கேட்டேன்."

மாடியில் தம்பியின் முகம் செத்துப்போயிற்று. கோட்டின் உள்பையைத் தடவிப் பார்த்தான். பிறகு, "பொய் மாஸ்டர்! அவளுக்குப் பயம், அதான் கதை கட்டறா!" என்று கூவினான்.

மாஸ்டர் பேச்சை வளர்க்கவில்லை. "பொய்யா? நல்லது. உள்ள வந்து நின்னு, கையத் தூக்கிக் காட்டு."

மொத்தக் குழுவும் அண்ணாந்து பார்த்தது. தம்பி கைப்பிடிக்கு உள்ளே வந்து பெட்டியைக் கீழே வைத்தான். இடது கை மெல்ல மேலே வந்தது. மார்பு வரைக்கும் வந்து நின்றது. அவன் முகம் கோணிற்று. யாருக்கும் தெரியாது என்று நினைத்தானோ என்னவோ, வலது கையால் இடது முழங்கையைத் தாங்கி மேலே தள்ளப் பார்த்தான். அதைப் பார்க்கமாட்டாமல் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இறங்கி வாப்பா" என்றார் மாஸ்டர். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

கதையை அங்கேயே மாற்றினார்கள். துப்பறிவாளர் குதிக்கவில்லை, படியிறங்கி வந்து குற்றவாளியைப் பிடித்தார். பிடிக்கப் போகுமுன் மகராசன் தன் சட்டைக் காலரை மோந்து பார்க்கிறவர் போல் குனிந்து, "அப்ப நாங்க பேசறதெல்லாம் கேக்குமா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவளிடம் மைக் குத்திக்கொள்ள வந்த குற்றவாளி நடிகர்கூட, வேலை முடிகிறவரை உதட்டைப் பூட்டிக்கொண்டே நின்றார்.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் தம்பி பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவள் அருகில் போனதும் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"விழுந்திருந்தா ஒரு கைதான் போயிருக்கும். இப்ப ரெண்டும் போச்சு. இனிமே என்னை எவன் கூப்பிடுவான்?"

"கூப்பிட மாட்டாங்க" என்றாள். இன்னொரு பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "தெரிஞ்சுதான்டா சொன்னேன்."

"எங்கிட்ட பேசாதே. இனிமே எப்பவும் பேசாதே."

"சரி. நீயும் பேசாம இரு. எத்தனை வருஷம் வேணும்னாலும் இரு. ஆனா அதுக்கும் நீ இருக்கணும்லடா."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பேருந்து வந்து நின்றது. வலது கையால் கம்பியைப் பிடித்து அவன் ஏறினான். அவன் பின்னாலேயே அவளும் ஏறினாள்.