கொம்பு உதிர்த்த கிடா

நெவில் புராக்டருக்கு வேட்டை விதிப் புத்தகம் மனப்பாடம். மர மில்லில் தேநீர் இடைவேளையின்போது மற்றவர்கள் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டு ஃபுட்டி மேட்ச் பற்றிப் பேசுவார்கள். நெவில் பன்றிமானைப் பற்றி வகுப்பெடுப்பார். ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்துக் கடலோரத்தில் ஏப்ரல் ஒரு மாதம்தான் சீசன். ஆளுக்கு ஒரு கிடா, ஒரு பெட்டை, அதோடு சரி. வெயில் வர அரை மணிக்கு முன்னால் தொடங்கி, வெயில் போய் அரை மணி வரைக்கும்தான் சுடலாம். விழுந்த இடத்திலேயே, உடம்புச் சூடு ஆறும் முன்னே, பின்னங்காலில் டேக், அதாவது நம்பர் போட்ட அடையாளப் பட்டை, பூட்ட வேண்டும். கிடாவுக்குக் கிடா டேக், பெட்டைக்குப் பெட்டை டேக். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் முழு மானாகச் சோதனைச் சாவடிக்குப் போய்ச் சேர வேண்டும். யாரும் கேட்கவில்லை என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா? மில் ரம்பத்துக்காவது ஐந்து மணிக்கு ஓய்வு உண்டு.

போன ஏப்ரலில் மனைவி மாரீனின் தம்பி டார்சி ஒரு கிடாவைச் சுட்டான். தொடை அளவு சேற்றில் நின்று டேக் பூட்ட அலுப்புப்பட்டு, நானூறு மீட்டர் தள்ளி நின்ற வண்டி வரை இழுத்துப்போய்ப் பூட்டினான். அதை வீட்டு பார்பெக்யூவில் எல்லோரும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். நெவில் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, போனோடு துணி காயும் பக்கம் போய் வேட்டைத் துறை நம்பரை அழுத்தினார். டார்சிக்கு அபராதம், இரண்டு சீசனுக்கு லைசென்ஸ் ரத்து.

"சட்டத்துக்கு மச்சான் கிச்சான் எல்லாம் கிடையாது" என்றார் நெவில், தனக்குத்தானே மாலை போட்டுக்கொண்டவர் மாதிரி. மாரீன் ஏழு வாரம் அவரோடு பேசவில்லை. அதற்கு எதிராக விதி எதுவும் இருக்கிறதா என்று அவர் தேடிப் பார்த்திருக்கக்கூடும்.

இந்த வருடம் முதல் நாளே நெவில் ஒரு கிடாவை எடுத்துவிட்டார். மீதி இருந்தது பெட்டை டேக். மில்லில் கட்டை தூக்கித் தூக்கி வலது தோள் போய்விட்டதால் தனியாக மானை இழுக்க முடியாது. பாதிக் கறி தருவதாகப் பேசி டார்சியையே கூட்டிவந்தார். லைசென்ஸ் இல்லாதவன் துப்பாக்கியைத்தான் தொடக்கூடாது, கயிற்றைத் தொடலாம் என்பது நெவிலின் விளக்கம்.

காலை ஏழு மணிக்கு டீ-ட்ரீ புதருக்கு அப்பால், பெரணிச் செடிகளுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது.

"பாத்துக்கோ" என்று கிசுகிசுத்தார் நெவில். "கொம்பு இல்ல. கழுத்து மெலிசு. அப்ப பெட்டை. அடையாளம் உறுதியாகாம விசையில விரல் வைக்கவே கூடாது."

"சுடு மச்சான். நீ பாடம் முடிக்கறதுக்குள்ள அது கிழவி ஆயிரும்."

ஒரே குண்டில் விழுந்தது. முதலில் போய்ச் சேர்ந்தவன் டார்சி. குனிந்து பார்த்தவன் நிமிர நேரமாயிற்று.

"மச்சான், உன் பெட்டைக்குக் கொட்டை இருக்கே."

நெவில் மண்டியிட்டுப் பார்த்தார். நெற்றி மயிருக்குள் விரல்நுனி அளவில் இரண்டு வட்டப் புண்கள், இன்னும் ஈரமாக. நேற்றோ முந்தாநாளோ கொம்பை உதிர்த்த கிடா. சீசனில் இது இரண்டாவது கிடா, கையில் இருப்பதோ பெட்டை டேக். துப்பாக்கி போகும், லைசென்ஸ் போகும். சனிக்கிழமைதோறும் புது ஆட்களுக்கு அவர் நடத்தும் விதி வகுப்பு, ஊர் சிரிக்கும் கதையாகிவிடும்.

"அந்தப் பக்கம் நல்ல ஆழமான சேறு. அமுக்கிட்டுப் போயிருவோம். யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் டார்சி.

"உனக்குத் தெரியும்."

"எனக்கா? நான் மறதிக்காரன் மச்சான். எந்த நம்பருக்கு அடிக்கணுங்கறது மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

நெவில் வெகுநேரம் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டை டேக்கை எடுத்துக் கிடாவின் காலில் பூட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார்.

சாவடி, கடைத்தெருப் பெட்ரோல் பங்குக்குப் பின்னால். அன்றைக்கு வேலையில் இருந்தவள் ஜோசலின். அவரிடம் விதி வகுப்பு படித்துத் தேறியவள். பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தாள், டேக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நெவில், இது கிடா."

"தெரியும்."

"டேக் பெட்டை."

"அதுவும் தெரியும்."

"கொம்பு உதிர்த்திருக்கு, தூரத்துல யாருக்குமே தெரியாது. நீங்களாவே வேற கொண்டுவந்துட்டீங்க. எச்சரிக்கைக் கடுதாசி குடுத்துடறேன், போயிட்டு வாங்க."

நெவில் கடுதாசிக்குக் கையை நீட்டியும்விட்டார்.

"அது சரி" என்றான் பின்னாலிருந்து டார்சி. "நானூறு மீட்டருக்கு எனக்கு ரெண்டு சீசன். முழுக் கிடாவுக்கு மச்சானுக்கு ஒரு கடுதாசி. படிச்ச ஆளு பாரு."

நெவில் திரும்பினார். இடுப்பு வரை சேறோடு நின்றான் அவன், உள்ளங்கையில் கயிறு அறுத்த தடம் சிவந்திருந்தது. நீட்டிய கை பாதியில் நின்றது.

"இவனுக்குப் போன வருஷம் என்ன எழுதுனீங்களோ, அதையே எனக்கும் எழுதும்மா."

"அவசியமே இல்ல நெவில்..."

"எழுது. இல்லன்னா உன் மேலதிகாரிக்கு நானே போன் பண்ணுவேன்."

ஜோசலின் பெருமூச்சு விட்டு வழக்குப் படிவக் கட்டைப் பிரித்தாள். துப்பாக்கி பூட்டுப் பெட்டிக்குள் போனது. மானைத் தரையில் தரதரவென்று இழுத்துக் குளிர்அறைக்குள் தள்ளினார்கள். நெவில் தன் குற்றப் பத்திரிகையை வரி வரியாகப் படித்தார்.

"சுட்ட இடம்னு இருக்கு, வெறும் 'புதர்'னு போட்டிருக்க. இதெல்லாம் கோர்ட்டுல நிக்காது."

டார்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டான். "எழுதிக் குடுத்துத் தொலை தாயே! தன்னத்தானே மாட்டிவிடறதுலயும் முதல் மார்க் வேணுமாம் மனுஷனுக்கு."

நெவில் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவள் இடத்தைச் சரியாக எழுதி முடிக்கும் வரை அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்து நின்றுகொண்டிருந்தார்.